பிடித்த கணத்தில் பிடிகளின் பெயர்கள் மாறி மாறித் தோன்றும் மல்யுத்த விளையாட்டு எது?

வெள்ளவத்தைத் தம்பி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கும் என் அண்ணனுக்கும் இடையில் முப்பது ஆண்டுகளாகத் தீராமல் கிடக்கும் ஒரு வழக்கை இங்கே கொண்டு வந்திருக்கிறேன். அண்ணன் வரும் டிசம்பரில் ரொறன்ரோவிலிருந்து ஒரு மாத விடுமுறையில் வருகிறார். அவர் வந்து சேர்வதற்குள் அந்த விளையாட்டைக் கண்டுபிடித்து, எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் ஓட வைத்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

1993, 1994 காலத்தில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மாமா எங்களுக்கு ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கித் தந்தார். வெள்ளையும் சிவப்புமான பெட்டி. இரண்டு கைப்பிடிகளின் வயர்களும் பெட்டிக்குள்ளேயே பொருத்தப்பட்டிருந்தன, கழற்ற முடியாது. கூடவே வந்த கசெட்டுகளில் ஒன்று மஞ்சள் நிறம். அதன் மேல் ஒட்டியிருந்த படத்துக்கும் உள்ளே இருந்த விளையாட்டுகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது இன்றும் நினைவில் இருக்கிறது. அந்தக் கசெட்டுகளுக்குள் எங்கோ ஒரு மல்யுத்த விளையாட்டு இருந்தது.

எனக்கு நினைவுள்ளவற்றைச் சொல்கிறேன். இருவருக்கு எதிராக இருவர் மோதுவார்கள். களைத்துப் போனவர் மூலைக்குச் சென்று துணைவரின் கையைத் தொட்டால் அவர் உள்ளே வருவார். இரண்டு வீரர்கள் ஒருவரையொருவர் பற்றியதும், திரையில் பிடிகளின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறும். வேண்டிய பெயர் வந்ததும், எதிரி முந்திக்கொள்வதற்குள் பொத்தானை அழுத்திவிட வேண்டும். எனக்கு அப்போது ஆங்கில எழுத்துகளை அவ்வளவு விரைவாக வாசிக்க வராது. அதனால் அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்று, "இப்ப அமத்து!" என்று கத்துவார், நான் அமத்துவேன். இன்னொன்றும் நினைவிருக்கிறது. சண்டையின் நடுவே வெளியிலிருந்து யாரோ ஒரு பந்தை எறிவார்கள்; அதைப் பிடித்தவருக்குச் சற்று நேரம் தனிப் பலம் கிடைக்கும்.

அதே காலத்தில் பம்பலப்பிட்டிப் பக்கம் டோக்கன் போட்டு விளையாடும் ஒரு நிலையத்திலும் இந்த விளையாட்டைப் பார்த்தோம். அங்கே வீரர்கள் மிகப் பெரியவர்களாகத் தெரிந்தார்கள். ஓர் அறிவிப்பாளரின் குரல் கேட்டது. முகத்தில் வர்ணம் பூசி, தோளில் முட்கள் பதித்த கவசம் அணிந்த இரண்டு தடியர்கள் இருந்தார்கள். வீட்டில் இருப்பது இதன் சிறிய வடிவம்தான் என்று நாங்கள் இருவரும் முடிவு செய்துவிட்டோம். ஆனால் முட்கவசக்காரர்கள் மட்டும் வீட்டுக் கசெட்டில் ஒருநாளும் வரவே இல்லை. எல்லோரையும் வென்றால் வருவார்கள் என்று அண்ணன் உறுதியாகச் சொன்னார். ஒரு பாடசாலை விடுமுறை முழுவதையும் அதற்காகவே செலவிட்டோம்.

இப்போது அண்ணன் தொலைபேசியில், அது நின்டெண்டோவின் புரோ ரெஸ்லிங்தான் என்கிறார். நடுவரும் படப்பிடிப்பாளரும் நினைவிருக்கிறது என்கிறார். இருவர் அணியாக விளையாடியதை நான் எப்படி மறப்பேன்? இவற்றை அறிந்தவர்கள் தயவுசெய்து விளக்குங்கள்.

பற்றாசு எழுதியது:

வணக்கம் தம்பி. நான் இருபது ஆண்டுகளுக்கு மேல் தெஹிவளையில் மின்னணுப் பொருள்கள் திருத்தி வருபவன். கொழும்பில் டோக்கன் இயந்திரங்கள் ஓடிய காலத்தின் கடைசி ஆண்டுகளில் அவற்றின் பலகைகள் சிலவற்றையும் என் மேசையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். நீங்கள் விவரித்தது ஒரு விளையாட்டு அல்ல. உங்கள் நினைவில் மூன்று விளையாட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அண்ணன் சொல்வதைச் சேர்த்தால் நான்கு.

முதலில், பெயர்கள் மாறும் விளையாட்டு. அதன் ஆங்கிலப் பெயர் டேக் டீம் ரெஸ்லிங். ஜப்பானில் தி பிக் புரோ ரெஸ்லிங் என்ற பெயரில் 1983இல் டோக்கன் இயந்திரமாக வெளிவந்தது. உருவாக்கியவர்கள் டெக்னோஸ் ஜப்பான் நிறுவனத்தார், வெளியிட்டது டேட்டா ஈஸ்ட். தொழில்முறை மல்யுத்தத்தை வீடியோ விளையாட்டாக்கிய மிக முற்பட்ட முயற்சிகளில் ஒன்று அது. அந்தக் காலத்தில் ஓர் இயந்திரத்துக்கு இருந்தவை ஒரு ஜொய்ஸ்டிக்கும் இரண்டொரு பொத்தான்களும்தான். மல்யுத்தத்திலோ பிடிகள் எத்தனையோ. இரண்டு பொத்தான்களுக்குள் அத்தனை பிடிகளையும் எப்படி அடக்குவது? அவர்கள் கண்ட வழி, வீரர்கள் இருவரும் பற்றிக்கொண்ட கணத்தில் ஒரு பட்டியலைத் திறந்துவிடுவது. ஒரு பொத்தானால் பட்டியலை நகர்த்தலாம், மற்றதால் முடிவு செய்யலாம். ஆனால் அதற்குக் கிடைப்பது சொற்ப நேரம், அதற்குள் முடிவு செய்யாவிட்டால் உங்களைத் தூக்கி நிலத்தில் அடித்துவிடுவார்கள். பட்டியலைப் பார்த்துத் தெரிவு செய்வது ஆறுதலாகச் செய்யும் வேலை, சண்டையோ நொடிக்குள் முடியும் வேலை. இரண்டையும் ஒரே இடத்தில் முட்டவிட்டதுதான் அந்த விளையாட்டின் உயிர். உங்கள் அண்ணன் தோளுக்குப் பின்னால் நின்று கத்தியதற்குக் காரணம் அதுவே. அந்த விளையாட்டை அதற்குரிய முறைப்படிதான் நீங்கள் இருவரும் விளையாடியிருக்கிறீர்கள்.

அதன் வீட்டு வடிவங்கள் 1986இல் வந்தன. ஜப்பானில் ஃபமிகொம் எனப்படும் நின்டெண்டோப் பெட்டிக்கும், அமெரிக்காவில் அதன் மறுவடிவமான என்.இ.எஸ். பெட்டிக்கும் கசெட்டாக வந்தது. கொமடோர் 64, அப்பிள் 2 ஆகிய கணினிகளுக்கும் வந்தது. நீங்கள் வைத்திருந்தது ஃபமிகொமின் நகல் பெட்டி என்பதில் எனக்கு ஐயமில்லை. கழற்ற முடியாத கைப்பிடிகள் அசல் ஃபமிகொமின் அடையாளம். அமெரிக்கப் பெட்டியில் கைப்பிடிகளைக் கழற்றலாம். டேக் டீம் ரெஸ்லிங்கில் வரும் இரண்டு அணிகளின் பெயர்கள் ரிக்கி ஃபைட்டர்ஸ், ஸ்ட்ராங் பேட்ஸ். இந்த இரண்டாவது பெயர் பின்னாளில் வேறு விதத்தில் புகழ் பெற்றது: ஹோம்ஸ்டார் ரன்னர் என்ற இணையக் கேலிச்சித்திரத் தொடரில் வரும் ஸ்ட்ராங் பேட் என்ற பாத்திரத்துக்கு இந்த அணியிலிருந்துதான் பெயர் எடுத்தார்கள்.

அடுத்து, பம்பலப்பிட்டியில் பார்த்தது. முகத்தில் வர்ணமும் தோளில் முட்களும் கொண்ட இருவர் லீஜன் ஒஃப் டூம் என்ற அணியினர். பெயர் ஹோக், அனிமல். அறிவிப்பாளரின் குரலையும் சேர்த்துப் பார்க்கும்போது அது டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற அமெரிக்க மல்யுத்த நிறுவனத்தின் பெயரில் 1991இல் வந்த டபிள்யூ.டபிள்யூ.எஃப். ரெஸில்ஃபெஸ்ட் என்றே சொல்வேன். ஹல்க் ஹோகன், அல்டிமேட் வொரியர், ஜேக் ரொபர்ட்ஸ், மிஸ்டர் பெர்ஃபெக்ட் உட்படப் பத்துப் பேரில் இருவரைத் தெரிவு செய்து அணி சேர்க்கலாம். லீஜன் ஒஃப் டூம் இருவரும் வெல்லப்பட வேண்டிய வெற்றிவீரர்களாக மட்டுமே வருவார்கள், நாம் அவர்களைத் தெரிவு செய்ய முடியாது. மேலதிக டோக்கன் போட்டால் வீரரின் பலம் கூடும். உங்கள் கைச்செலவுப் பணம் எங்கே போனது என்பது இப்போது விளங்கியிருக்கும்.

இனி நான் சொல்லப்போவதுதான் உங்கள் வழக்கின் மையம். ரெஸில்ஃபெஸ்ட் விளையாட்டுக்கு அந்நாளில் எந்த வீட்டுப் பெட்டிக்கும் கசெட் வரவில்லை. டபிள்யூ.டபிள்யூ.எஃப். பெயரில் வீட்டுக்கு வந்த விளையாட்டுகளை அக்காலத்தில் அக்ளெய்ம் போன்ற வேறு நிறுவனங்கள் தனியாகச் செய்து வெளியிட்டன. அவை இதன் வடிவங்கள் அல்ல. எனவே முட்கவசக்காரர்கள் உங்கள் கசெட்டில் வந்திருக்கவே முடியாது. ஆனாலும் "இதன் சிறிய வடிவம்தான்" என்று நீங்கள் இருவரும் எண்ணியதை முழுப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் ரெஸில்ஃபெஸ்டைச் செய்ததும் அதே டெக்னோஸ் ஜப்பான்தான். 1983இல் இரண்டு அணிகளோடு தொடங்கியவர்கள், 1985இல் எக்சைட்டிங் அவர் என்ற பெயரில் இன்னொன்று செய்தார்கள். வெளிநாடுகளில் அது மேட் மேனியா. டைனமைட் டொமி என்ற வீரரைக் கொண்டு ஐந்து எதிரிகளை ஒவ்வொருவராக வெல்ல வேண்டும். அடுத்த ஆண்டு மேனியா செலஞ்ச் வந்தது. 1989இல் உரிமம் பெற்று டபிள்யூ.டபிள்யூ.எஃப். சூப்பர்ஸ்டார்ஸ் செய்தார்கள், அதற்கு அடுத்ததுதான் ரெஸில்ஃபெஸ்ட். நீங்கள் வீட்டில் வைத்திருந்தது பிள்ளையின் சிறிய படம் அல்ல. அது தாத்தாவின் படம். முகச்சாயல் இருந்தது உண்மை.

ரெஸில்ஃபெஸ்ட் பலகை ஒன்றை ஒருமுறை திறந்து துப்புரவாக்கியபோது, அதன் நடுவில் மூளையான மோட்டோரோலா 68000 சில்லு படுத்திருந்தது: பக்கத்துக்கு 32 கால்கள், ஒரு சீப்பைப் போல நீளம். 1983ஆம் ஆண்டு விளையாட்டின் பலகையில் இருந்ததோ 40 கால் கொண்ட 6502. எட்டு ஆண்டுகளில் அந்த இயந்திரங்கள் எவ்வளவு தூரம் வந்துவிட்டன என்பதை அந்தச் சில்லைப் பார்த்தபோது உணர்ந்தேன்.

பந்து எறிவது டேக் டீம் ரெஸ்லிங்கில் இல்லை. அதைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இங்கே இருப்பார்கள்.

கொட்டாஞ்சேனை நிலா எழுதியது:

பந்தைப் பற்றி நான் சொல்கிறேன். அது கின்னிக்குமான் மசில் டேக் மெச். ஜப்பானியச் சித்திரக்கதை ஒன்றிலிருந்து எடுத்த விளையாட்டு. பண்டாய் நிறுவனம் 1985இல் ஃபமிகொமுக்கு வெளியிட்டது. அமெரிக்காவில் மசில் என்ற பெயரோடு வந்தது. எங்கள் வீட்டிலும் இதே போன்ற பெட்டி இருந்தது. நானும் என் சித்தப்பா மகளும் பாடசாலை விட்டு வந்ததும் சீருடையைக் கூட மாற்றாமல் இதற்கு முன்னால்தான் உட்காருவோம். பெண்பிள்ளைகளுக்கு மல்யுத்தம் எதற்கு என்று அப்பம்மா கேட்பார். ஆனால் தண்டனை கிடைத்த நாள்களில் அவரே வந்து ரிமோட்டை எடுத்துக் கொடுப்பார்.

அதிலும் இருவர் அணிதான், கை மாற்றும் வழக்கமும் உண்டு. அதனால் உங்கள் நினைவில் இரண்டும் கலந்ததில் வியப்பில்லை. ஆனால் அங்கே பட்டியல் கிடையாது. எட்டு வீரர்கள், ஒவ்வொருவருக்கும் தனிச் சிறப்பான ஒரு தாக்குதல் உண்டு, ஆனால் அந்தப் பந்தைப் பிடித்தால் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். பந்து எறியப்படும் கணத்தில் சண்டையை விட்டுவிட்டு இருவரும் அதை நோக்கி ஓடுவதுதான் முழு விளையாட்டும். என் தங்கை பந்து வரப்போவதை எப்படியோ முன்கூட்டியே அறிந்துவிடுவாள். எதிரியைத் தள்ளிவிட்டுத் திரையின் ஓரத்தில் போய்க் காத்திருப்பாள். ஒருமுறை நான் அவளது கைப்பிடி வயரை இழுத்ததில் பெட்டியே மேசையிலிருந்து விழுந்தது. விழுந்த பின்னும் அது வேலை செய்தது. கசெட்டை மட்டும் சற்று சாய்த்துச் செருக வேண்டியிருந்தது.

மற்றொரு அடையாளம்: சில சுற்றுகளில் தரை பனிக்கட்டியாகி வழுக்கும், சில சுற்றுகளில் கயிற்றில் மின்சாரம் பாயும். இவை நினைவுக்கு வந்தால் நீங்கள் விளையாடியது அதுவேதான். இன்னும் ஒரு செய்தி: ஜப்பானிய வடிவத்தில் இருந்த புரொக்கன் ஜூனியர் என்ற வீரர், அவரது ஜெர்மன் இராணுவ உடையின் காரணமாக அமெரிக்க வடிவத்தில் நீக்கப்பட்டு, அவருக்குப் பதில் ஜெரோனிமோ என்பவர் சேர்க்கப்பட்டார். நம் ஊரில் இரண்டு வடிவமும் நகல் கசெட்டுகளில் சுற்றித் திரிந்திருக்கக்கூடும் என்பதால், எது உங்களுடையது என்பதை அந்த ஒரு வீரரைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம்.

உங்கள் அண்ணா சொல்லும் புரோ ரெஸ்லிங் தனி விளையாட்டு. அதில் ஒருவருக்கு எதிராக ஒருவர் மட்டுமே. ஜப்பானில் 1986 ஒக்டோபரில் ஃபமிகொமுக்கான டிஸ்க் வட்டாக வெளிவந்தது, மறு ஆண்டு அமெரிக்காவில் கசெட்டாக வந்தது. நடுவரும் களத்தின் ஓரத்தில் நடமாடும் படப்பிடிப்பாளரும் அதில்தான் இருக்கிறார்கள். அண்ணாவின் நினைவு சரியானது, ஆனால் அவர் சொல்வது வேறு கசெட்டை. வென்றதும் இலக்கணப் பிழையோடு ஓர் ஆங்கில வாசகம் தோன்றும். எங்கள் ஆங்கில ஆசிரியையிடம் அதைக் காட்டிப் பிழையைத் திருத்தச் சொன்னேன் என்பது இன்றும் எனக்குப் பெருமைதான்.

வெள்ளவத்தைத் தம்பி எழுதியது:

பனிக்கட்டித் தரை! அக்கா, நீங்கள் எழுதியதை வாசித்த கணத்திலேயே கால்கள் வழுக்கியது போல இருந்தது. ஆம், அதுவும் இருந்தது. இரண்டு கசெட்டுகள் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். பற்றாசு அண்ணா எழுதியதை அப்படியே அண்ணனுக்கு அனுப்பினேன். ஒரு விடுமுறை முழுவதும் வராதவர்களுக்காகக் காத்திருந்தோமா என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் எதுவும் பேசவில்லை.

ஒரு ஐயம் மட்டும் மீதமிருக்கிறது. டேக் டீம் ரெஸ்லிங் விளையாடும் காணொளிகளை நேற்றிரவு பார்த்தேன். அதில் எல்லாமே வேகமாக நடக்கிறது; பிடியின் பெயரை வாசிப்பதற்குள் முடிந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் அப்படி இல்லை. அண்ணன் வாசித்து, எனக்குச் சொல்லி, நான் அமத்துவதற்கு நேரம் இருந்தது. எனக்கு வயது போனதால் வேகமாகத் தெரிகிறதா?

இருமம் எழுதியது:

வணக்கம். நான் மென்பொருள் எழுதுபவன். பழைய பெட்டிகளின் முன்மாதிரிகளைப் படிப்பது என் பொழுதுபோக்கு. வயதின் குற்றமில்லை. உங்கள் வீட்டில் அந்த விளையாட்டு உண்மையாகவே மெதுவாகத்தான் ஓடியது, அதற்குத் தெளிவான காரணம் உண்டு.

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சி என்.டி.எஸ்.சி. முறையில் நொடிக்கு ஏறத்தாழ 60 முறை படத்தைப் புதுப்பிக்கிறது. இலங்கையில் பி.ஏ.எல். முறை, நொடிக்கு 50. அந்தக் காலத்து விளையாட்டுகள் மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தை அளக்கவில்லை. திரை எத்தனை முறை புதுப்பிக்கப்பட்டது என்பதை எண்ணியே அளந்தன. எடுத்துக்காட்டாக, ஒரு விளையாட்டில் முடிவு செய்வதற்கு 120 புதுப்பிப்புகள் தரப்பட்டிருக்கின்றன என்று வையுங்கள். ஜப்பானில் அது 2 நொடி. நம் ஊர்த் தொலைக்காட்சிக்கு ஏற்ப அமைக்கப்பட்ட நகல் பெட்டியில் அதே 120 புதுப்பிப்புகளுக்கு 2.4 நொடி ஆகும். எதிரியும் அதே அளவு மெதுவாகத்தான் முடிவெடுப்பான். ஆனால் உங்கள் கண்ணும், அண்ணனின் குரலும், உங்கள் விரலும் மெதுவாகவில்லை. மேலதிகமாகக் கிடைத்த அந்த 0.4 நொடி முழுவதும் உங்கள் பக்கத்துக்கே சேர்ந்தது. வாசிக்க ஒருவர், அழுத்த ஒருவர் என்று நீங்கள் பிரித்துக்கொண்ட முறை 60 புதுப்பிப்பில் கைகூடியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

இசையையும் கவனித்துப் பாருங்கள். அத்தகைய நகல் பெட்டிகள் பலவற்றில் சில்லின் அடிப்படை வேகம் அசலுக்கு மிக நெருக்கமாக இருந்ததால், சுருதி ஏறக்குறைய மாறாது; தாளம் மட்டும் தளர்ந்து ஒலிக்கும். காணொளியில் கேட்ட இசை அதே பாட்டுத்தான், ஆனால் அவசரப்படுத்துவது போல் இருக்கிறது என்று தோன்றியிருந்தால் காரணம் இதுவே.

பற்றாசு அண்ணா 6502 பற்றிக் குறிப்பிட்டதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த விடயம் இது. 1983ஆம் ஆண்டு டோக்கன் இயந்திரத்தின் மூளை 6502. ஃபமிகொமின் உள்ளே இருக்கும் ரிக்கோ சில்லின் அடிப்படையும் 6502. கொமடோர் 64இல் இருப்பது அதன் நெருங்கிய உறவான 6510. அப்பிள் 2 பயன்படுத்தியதும் 6502தான். ஆக, இயந்திரமும் இந்த மூன்று வீட்டு வடிவங்களும் ஒரே குடும்பத்து மூளையைக் கொண்டவை. அப்படியிருந்தும் ஒன்றைப் போல் ஒன்று தோன்றாததற்குக் காரணம் மூளை அல்ல, படம் வரையும் பகுதி. ஃபமிகொம் ஒரு கிடைக்கோட்டில் எட்டுக்கு மேற்பட்ட அசையும் துண்டுகளை வரையாது. ஒவ்வொரு துண்டும் 8 புள்ளி அகலம் மட்டுமே. தடித்த உடம்புள்ள ஒரு மல்யுத்த வீரருக்கு அகலவாக்கில் மூன்று துண்டுகளாவது தேவை என்றால், இருவர் பற்றிக்கொண்டதும் ஆறு முடிந்தது. மூன்றாவதாக ஒருவர் அதே மட்டத்தில் வந்தால் யாரோ ஒருவர் மினுங்கத் தொடங்குவார். மல்யுத்தம் என்பதே உடம்புகள் ஒரே மட்டத்தில் நெருங்கும் விளையாட்டு என்பதால், இந்தப் பெட்டிக்கு அது இயல்பிலேயே கடினமானது. கொமடோரில் அசையும் துண்டுகள் எட்டே எட்டு, ஆனால் ஒவ்வொன்றும் 24 புள்ளி அகலம். அப்பிள் 2இலோ அப்படி எதுவும் இல்லை, ஒவ்வொரு அசைவையும் மென்பொருளே வரைந்து அழிக்க வேண்டும்.

பட்டியல் முறை இங்கேதான் கைகொடுத்தது என்று நினைக்கிறேன். படம் எவ்வளவு சுருங்கினாலும் எழுத்துகள் சுருங்குவதில்லை. இயந்திரத்தின் பெரிய வீரர்களை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் பற்றிக்கொள்வது, பெயர் மாறுவது, நேரம் ஓடுவது ஆகிய மூன்றையும் குறைவின்றிக் கொண்டுவரலாம். நின்டெண்டோவின் புரோ ரெஸ்லிங் பட்டியலை விட்டுவிட்டு, திசையையும் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பிடி என்ற வழியை எடுத்தது. அதை எழுதிய மசாட்டோ மசுடா பின்னர் 1989இல் பிசி எஞ்சின் என்ற ஜப்பானிய வீட்டுப் பெட்டிக்கு ஃபயர் புரோ ரெஸ்லிங் தொடரைத் தொடங்கினார். அதில் பற்றும் அதே கணத்தில் சரியாக அழுத்துபவருக்கே பிடி கிடைக்கும், அவசரப்பட்டு அழுத்துபவர் தோற்பார். பிற்கால விளையாட்டுகள் பெரும்பாலும் இவ்வழியில் சென்றுவிட்டன. ஆனால் வாசிக்கத் தெரிந்த ஒருவரும் வாசிக்கத் தெரியாத ஒருவரும் சேர்ந்து ஒரு கைப்பிடியில் விளையாடக்கூடிய மல்யுத்தம் என்றால், அது பட்டியல் உள்ள இந்த ஒன்றுதான்.

வெள்ளவத்தைத் தம்பி எழுதியது:

மிக்க நன்றி. கடைசி வரியை அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன்.

வழக்குத் தீர்ந்தது, இனி வேலை. எனக்குத் தெரிந்த ஒருவரிடம் ஜப்பானில் வாங்கிய அசல் ஃபமிகொம் பெட்டி ஒன்று, அதற்குரிய ஜப்பானிய அடப்டரோடு இருக்கிறது. ஒரு மாதத்துக்கு இரவலாகத் தர இசைந்திருக்கிறார். டேக் டீம் ரெஸ்லிங்கின் ஜப்பானிய வடிவமான டேக் டீம் புரோ ரெஸ்லிங் கசெட்டும் ஒன்று கிடைக்கும் போல் தெரிகிறது. அப்படியே கொண்டுவந்து செருகினால் போதுமா? மெதுவான வேகத்தில்தான் விளையாட வேண்டும் என்று அண்ணன் பிடிவாதமாக இருக்கிறார்.

பற்றாசு எழுதியது:

தம்பி, தயவுசெய்து அப்படியே செருகிவிடாதீர்கள். ஜப்பானிய அடப்டர் 100 வோல்ட்டுக்கு உரியது. நம் சுவரில் வருவது 230. நேராகச் செருகினால் முதல் நிமிடத்திலேயே அடப்டர் போய்விடும், இரவல் பெட்டிக்கும் ஆபத்து. இன்னொருவர் தந்த பொருள் என்பதால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். அசல் ஃபமிகொமுக்கு 10 வோல்ட் நேர்மின்னோட்டம், 850 மில்லி அம்பியர். முனையின் நடுப்பகுதி எதிர்முனை. கடையில் கிடைக்கும் பெரும்பாலான அடப்டர்களில் நடுப்பகுதி நேர்முனை என்பதால், மல்டிமீட்டரால் பார்க்காமல் எதையும் குத்த வேண்டாம்.

அடுத்தது தொலைக்காட்சி. அந்தப் பெட்டியின் அசல் வடிவத்தில் அன்டெனா வழி மட்டுமே உண்டு; அது ஜப்பானின் 1, 2 ஆம் அலைவரிசைகளில் அனுப்பும். அந்த அலைவரிசைகள் இங்கே எஃப்.எம். வானொலி இருக்கும் பகுதிக்குள் வருவதால் நம் தொலைக்காட்சிகள் பொதுவாக அவற்றைப் பிடிக்காது. இரவல் பெட்டி 1993இன் இறுதியில் வந்த புதிய வடிவமாக இருந்தால் மஞ்சள் நிற வீடியோ வயர் நேராகவே போடலாம். அப்படியானால் அதன் கைப்பிடிகள் கழற்றக்கூடியவையாக இருக்கும், பார்த்தவுடன் தெரியும். இருந்தாலும் அது 60 வேகத்தில்தான் ஓடும். அண்ணன் கேட்கும் மெதுவான வேகம் வேண்டுமென்றால் அசல் பெட்டி உதவாது. மாமா வாங்கித் தந்தது போன்ற பி.ஏ.எல். நகல் பெட்டிதான் வேண்டும். ஃபமிகொம் கசெட்டுக்கு 60 முனைகள், அமெரிக்கக் கசெட்டுக்கு 72. நகல் பெட்டியின் செருகிடமும் 60 முனை என்பதால் அந்த ஜப்பானியக் கசெட் நேராகப் பொருந்தும்.

என்னிடம் அப்படிப்பட்ட ஒரு நகல் பெட்டி பரணில் இருக்கிறது. கைப்பிடிப் பொத்தான்களின் ரப்பர் தேய்ந்துவிட்டது, ஈயப்பற்று ஓரிரு இடத்தில் விட்டிருக்கிறது. நவம்பர் இறுதிக்குள் திருத்தி வைக்கிறேன். கசெட் கைக்கு வந்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள். ஒரு சனிக்கிழமை பின்னேரம் தெஹிவளைக்கு எடுத்து வாருங்கள், உங்கள் கண் முன்னாலேயே செருகிப் பார்த்துவிடுவோம்.